சீறியின் வயிற்றுப் பிள்ளை

திரு விளங்குக. முத்துத் துறையும் மூன்று சுற்று மதிலும் உடைய வெண்கரை நாட்டுப் பெருமாட்டி எழினித் தேவியாரின் திருமுன்னர், நெடுந்துறை நாட்டு முதுமந்திரி, பதவி துறந்தும் வாய் துறவாத அழிசியார், விரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் மாரி பொய்யாதிருக்க. தங்கள் அகழி நிறைந்திருக்க. அந்த அகழியைப் பற்றியதே செய்தி.

எம் அகழிக் காவலன் காரி இன்று காலை எம் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தான். உடம்பெல்லாம் சேற்றோடு உண்மையைக் கக்கினான். அவன் காத்த முதலைகளுள் தாய்கள் இருவர். பசுமுகி தன் முட்டைக்குழியருகே யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வாள். சீறியோ, குழிமேல் மேகநிழல் விழுந்தால் மேகத்தையே கடிக்கப் பாய்வாள். ஈற்றுக்கு ஈற்று அதே பாய்ச்சல், அவளைப் பெற்றவளுக்கும் அதே பாய்ச்சல். வளர்ப்பால் குணம் மாறும் என்று நம்பிய காரி, முன்னொரு பருவத்தில் இருவர் முட்டைகளையும் யாரும் அறியாமல் குழி மாற்றி வைத்தான். பசுமுகி பல்லிடுக்கில் பதமாய் ஏந்தி நீரில் இறக்கிய சீறியின் குஞ்சுகளுள் ஒன்றுதான், பசுமுகியின் மகள் என்று பேர் சூட்டித் தங்கள் அகழிக்கு அனுப்பப்பட்டது.

அதன் உடன்பிறந்தாள் இங்கே முதன்முறை முட்டையிட்டிருக்கிறாள். நேற்று அக்குழியருகே எருமை ஒன்று மேயப் போனது. கரையேறியவை கொம்புகள் மட்டுமே. அவையும் நடுங்கிக்கொண்டிருந்தன என்று கேள்வி. சீறி வளர்த்த பசுமுகியின் மகளோ, தன் குழிமேல் நாய் படுத்துறங்கினாலும் பேசாதிருக்கிறாள். தூக்கி வளர்த்தவளைப் பார்த்தேனே ஐயா, பெற்ற வயிற்றைப் பார்க்காமல் போனேனே என்று காரி தலையில் அடித்துக்கொண்டான்.

வெண்கரை வழக்கப்படி, முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுத்ததும் காவலன் மனைவி வெறுங்கையால் முதற்குஞ்சை எடுத்து மஞ்சள் பூச வேண்டுமன்றோ? தங்கள் காவலனுக்கு வாழ்க்கைப்பட்ட வல்லி, இந்தக் காரி பெற்ற ஒரே மகள். அங்கு வந்த முதலையும் முட்டையிட்டிருக்கிறது, குரல் இன்றோ நாளையோ எழும் என்றும், அப்பா வளர்த்த முதலை என் கையையா கடிக்கப் போகிறது என்றும் அவள் சிரித்துச் சொல்லி அனுப்பினாளாம்.

ஆகையால் எவரும் குழியை நெருங்கலாகாது. வல்லியைத் தூணில் கட்டியாவது நிறுத்துக. சடங்கு தவறிய குற்றம் எம் நாட்டைச் சேர்க. வாசிப்பவர் இவ்வரியிலேயே நிறுத்தி அகழிக்கு ஆளோட்டுக.

ஓலை கொண்டுவருபவன் காரியே. அரக்கு ஆறும்வரை நிற்கமாட்டேன் என்று வாசலில் குதிக்கிறான். முத்திரையில் எம் அரசரின் அன்னம் அழிந்து பெருவிரல் ஒன்று பதிந்திருந்தால், ஐயுறாது அதையே அரசாணையாகக் கொள்க.