தூசி என்று துடைத்தவை

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அம்மாவுக்காகக்கூட ஒரு வரியை மாற்றமாட்டேன். இங்கே எல்லோரும் நலம், நிம்மதிதான் இல்லை.

அம்மாவின் அலுவலகத்தில் பழைய ஐரோப்பியப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, பக்கங்களில் உள்ள கறைகளைக் கணினியில் துடைத்து அனுப்புவது உனக்குத் தெரியும். அம்மாவும், புதிதாகச் சேர்ந்த சுருட்டைமுடி அண்ணனும் செய்த புத்தகம் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இந்த எழுத்துகளைக் காணோம் என்று புத்தகத்தைக் கொடுத்தவர்கள் மின்னஞ்சலில் வரிசையாகக் காட்டியிருந்தார்களாம். முதலாளியின் பழைய கணினியில் அந்த இடங்களில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

அம்மா சுருட்டைமுடி அண்ணனைக் கைகாட்டினாள். "வந்த நாள்லேர்ந்தே அவன் முழி சரியில்ல சார்." எனக்கும் அப்படித்தான் பட்டது. யாராவது பக்கத்தில் வந்தால் திரையைத் திருப்பிக்கொள்வார். பள்ளி விட்டதும் அங்கே போய், வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் அவரையே கவனித்தேன். "என்ன பாப்பா, சி.ஐ.டி. வேலையா?" என்றார்.

இன்று அவர் தண்ணீர் பிடிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். அதே மின்னஞ்சல். அவருடைய புதுக் கணினியில் கட்டங்களே இல்லை. ஓர் எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி, ஒன்றின் மேல் சாய்ந்த கோடு, ஒன்றின் அடியில் வால். பக்கத்தில் அம்மாவின் பெயரிட்ட கோப்பு திறந்திருந்தது. அதில் புள்ளியும் இல்லை, வாலும் இல்லை. எல்லாவற்றையும் தூசி என்று நினைத்துத் துடைத்திருக்கிறாள். ஆங்கில i-யின் தலையில் வரும் ஒற்றைப் புள்ளியை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரிந்த புள்ளி.

அதற்குள் அவர் வந்துவிட்டார். "பார்த்துட்டியா? உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. நான் எங்கயாவது பொழச்சுக்குவேன். அவங்களுக்கு வேலை போனா உங்கக்கா படிப்பு என்னாகறது?" என்றார். இவர் எதற்காக இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

நாளைக் காலை அவரை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள். நான் வாயைத் திறந்தால், பெரிய மனுஷி மாதிரி பேசாதே என்பாள் அம்மா. நீ சொன்னால் கேட்பாள். இதைப் படித்ததும் இன்றிரவே அவளுக்குப் போன் செய், அக்கா. கோபிக்காமல் சொல். உன் படிப்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் இதை அலுவலகக் கணினியிலிருந்தே மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

உன் பிரியமுள்ள,
தங்கை

பி.கு.: அம்மா பக்கத்து மேசையில் இன்னும் அடுத்த புத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். முதலாளி இப்போதுதான் மற்ற விளக்குகளை அணைத்தார்.