நான் காட்டிய முகம்

என் பட்டு,

உன்னைக் குத்திக் கொன்றதாகச் சிறையில் இருந்தவனை ஆறு வருஷம் கழித்து இன்று விடுதலை செய்துவிட்டார்கள்.

ஓடியவனின் முதுகை மட்டும்தான் நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவைக் காட்டி, "இவன்தாம்மா, மூஞ்சிய நல்லா மனசுல வச்சுக்கங்க" என்றார். மறுநாள் சிறையில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்கள். போட்டோவில் பார்த்த முகத்தைக் காட்டினேன்.

போன மாதம்தான் கேஸ் விசாரணைக்கு வந்தது. முன்னமே போட்டோ காட்டினார்களா என்று கோர்ட்டில் அவன் வக்கீல் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றேன். அப்படியென்றால் நான் அடையாளம் காட்டியதே செல்லாதாம். "உன் வாயாலயே கேஸைக் கவுத்துட்டியேடி" என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இன்று கோர்ட் வாசலில் அவனுடைய அம்மா, "இப்பவாவது சொன்னீங்களேக்கா" என்று என் கையைப் பிடித்தாள். உதறவும் முடியவில்லை, பற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

கொன்றவனை நேருக்கு நேர் பார்த்தவள் நீ ஒருத்திதான். சொல்லு பட்டு, நான் காட்டியவன்தானா?

உன் அம்மா