அண்ணி நட்ட உருளைக்கிழங்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உருளைக்கிழங்குச் சமாசாரம்.

அண்ணி விதைக்கிழங்கு வாங்கி, முட்டை அட்டைகளில் முளை விடும் கண் மேலே பார்க்கும்படி அடுக்கி, உன் அறை ஜன்னலோரம் வைத்திருந்தார். குட்டையாக, கெட்டியாக முளை வந்தது. நானும் அண்ணியும் வெளியே போயிருந்த நேரம், கிழங்கு வீணாகிறதே என்று அம்மா அத்தனை முளையையும் கிள்ளிப் போட்டுவிட்டுச் சமையலறைக் கூடையில் கொட்டிவிட்டாள். அண்ணி திரும்பி வந்ததும் கூடையைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்ல அத்தை, திரும்ப முளைக்கும். கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்" என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கினார். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். உனக்குத் தெரியாததா?

திரும்ப முளைத்தும் விட்டது. அன்றிலிருந்து அம்மாதான் காவல். என்னை அந்த அறைக்குள் விடுவதே இல்லை. என் கை பட்டால் முளை ஒடிந்துவிடுமாம். பெரிய கிழங்குகளை அண்ணி துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய இடத்தில் சாம்பல் தடவினாள். அது காய்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் பள்ளம் பறித்து நட்டோம். கயிறு பிடித்தது அம்மா. வரிசை கோணினால் அண்ணியை அதட்டுகிறாள். அவரும் சிரித்துக்கொண்டே திருத்துகிறார். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை அண்ணா.

நட்டு முடித்த அன்றுதான் உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது, அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அண்ணி கை கழுவப் போயிருந்தபோது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கு ஒத்துப்போகலைன்னு இவன்கிட்ட யார் சொன்னா?" என்றாள். அண்ணி வந்து, தனக்கு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். உனக்கு வேலை அதிகமாம் என்று பொய் சொன்னேன். சரி என்று சொல்லி மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

ஆகவே, அனுப்ப மாட்டோம். உன் மனசில் வேறு காரணம் இருந்தால் அதை அம்மா தலையில் போடாமல், நேரில் வந்து அண்ணியிடம் சொல்.

வழக்கம்போல் அம்மாவின் ஆசியோடு முடிக்கலாம் என்று அவளிடம் கேட்டேன். நீ வந்து அண்ணி பக்கத்தில் நின்றால், உங்கள் இருவருக்கும் சேர்த்துத் தருகிறாளாம். உனக்கென்று தனியாக எதுவும் இல்லையாம். வந்துவிடு அண்ணா.

உன் அன்புத் தங்கை,
வாயாடி