சோடா மூடி வாத்தியமும் எழுந்து நின்ற நாற்பது பேரும்

எனக்கும் சேர்த்துப் பேசிய அக்காவுக்கு,

தெண்டாய் என்கிற வாத்தியக்காரர் தன் துணிப்பையைத் திறந்தபோது நான் முதலில் கண்டது சோடா மூடிகளைத்தான். இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு பலகை, அதன்மேல் பெருவிரலால் மீட்ட வரிசையாக இரும்புத் தகடுகள், கீழே ஏழு சோடா மூடிகள். கடையில் கழற்றி எறிவார்களே, அவையேதான்.

நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஒழுங்குசெய்த கடைசிக் கலைஞர் அவர். யாழ்ப்பாணம் போகிற வழியில் ஒரு பின்னேரம் வவுனியாவில் இறங்குங்கள் என்று எல்லோருக்கும் எழுதுவாயே, அவருக்கும் அப்படித்தான் எழுதியிருந்தாய். அந்தச் சிம்பாப்வேக்காரி வவுனியா நெளுக்குளத்தில், முன்பு அரிசி ஆலையாக இருந்த எங்கள் மண்டபத்தில் நின்றார். சுவரில் மாலையோடு இருந்த உன் படத்தைப் பார்த்தார்.

நீ போன பிறகு மண்டபம் பூட்டியே கிடந்தது. வயலுக்குப் போடும் பசளை மூட்டை அடுக்கத் தா என்று மாமா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு ஒரு வாய்ப்புத் தந்தார்.

“இந்த ஒண்டை நடத்திப் பார். நாலு சனத்துக்கு முன்னால உன்னால கதைக்கேலாட்டி மாமாட்டக் குடுப்பம்.”

“நான் கதிரை போடுறன் அம்மா. வேற ஆரும் கதைக்கட்டும்.”

“ஆர்? உன்ர அக்கா வந்து கதைக்கப்போறாவோ?”

பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் கதிரைகளிடம் எனக்குப் பயமில்லை. நாற்பதையும் உன்னைப் போலவே அரைவட்டமாகப் போட்டேன். கடைசியில் இருப்பவருக்கும் விரல் தெரிய வேண்டும் என்பாயே. ஒலிவாங்கி வைக்கவில்லை. ஐந்து மணிக்கு ஒரு கதிரையும் மிச்சமில்லை, அக்கா! முன்வரிசையில் வழக்கம்போல கோழிக்கடை அண்ணை.

“பிள்ளை, அவ்வளவு சோடாவும் அவாவே குடிச்சதோ?”

முதல் ஒலி எழும்புமுன் மின்விசிறிகளை நிறுத்துவது உன் வழக்கம். மூன்றையும் நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்த அறிமுகப் பேச்சில் ஒரு வரியும் வரவில்லை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். அது மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று உனக்கு விளங்குகிறதா?

கோழிக்கடை அண்ணை எழும்பித் தலை குனிந்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். கதிரைகள் கிறீச்சிட, எல்லோரும் எழும்பினார்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் முதலில் எழுந்து நின்று இறந்தவர்களுக்கு மௌன வணக்கம் செலுத்துவோமே, உனக்காக நான் அதைத் தொடக்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். தெண்டாயும் பலகையை இறக்கி வைத்துவிட்டு எழும்பினார்.

தொடக்கியவர் சொல்லும்வரை யாரும் திரும்ப அமரமாட்டார்கள். ஒரு நிமிடம் போனது. இரண்டும் போயிருக்கும். மின்விசிறி இல்லாத மண்டபத்தில் எல்லோருக்கும் வியர்வை வழிந்தது. கோழிக்கடை அண்ணை ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“பிள்ளை, முழங்கால் கடுக்குது,” என்றார் மெதுவாக.

பின்னால் நின்ற அம்மா தலை குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதிரையில இருங்கோ,” என்றேன். குரல் வந்துவிட்டது. இனி நிறுத்தினால் திரும்ப வராது என்று தோன்றியது. நிறுத்தாமல் பேசினேன்.

“அக்கா எண்டால் பகிடி விட்டிருப்பா. எனக்குப் பகிடி வராது. இவா தெண்டாய். சிம்பாப்வேயிலயிருந்து வந்திருக்கிறா. இதில சோடா மூடி பூட்டியிருக்கு. ஏனெண்டு எனக்கும் தெரியாது. கேட்டுப் பாப்பம்.”

“இதுவே நல்ல பகிடிதான்,” என்றபடி அண்ணை கதிரையில் விழுந்தார். மண்டபம் சிரித்தது. தெண்டாயின் பெருவிரல்கள் தொடங்கின.

இரும்பு பாடியது. மூடிகள் கூடவே இரைந்தன, தகரக் கூரையில் மழை விழ, உள்ளே இருந்து ஒருவர் பாடுவதுபோல. முதலில் அந்த இரைச்சலை விலக்கிவிட்டுக் கேட்கப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் பாட்டுத்தான் என்று பிடிபட்டது. நீ இதை முன்பே கேட்டிருந்தாயா? அதனால்தான் அவரை அழைத்தாயா?

அக்கா, இனிக் கதிரை போடுவதும் நான், மின்விசிறி நிறுத்துவதும் நான், முன்னால் நின்று பேசுவதும் நான். தவறுதலாகத் தொடங்கிய அந்த மௌனத்தை ஒவ்வொரு கச்சேரிக்கும் தெரிந்தே தொடக்குவேன். ஆட்களின் முழங்கால் கடுக்குமுன் முடிப்பேன்.

மறுநாள் காலை மாமா தொலைபேசியில் அழைத்தார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா தொலைபேசியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“நீயே சொல்லு.”

காதில் வைத்தேன். “மாமா, மண்டபம் தரேலாது. அங்க கச்சேரி இருக்கு,” என்றேன்.

உன் தங்கச்சி