உதடு என்றொரு ஃபோல்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க ஒரு குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தோரு வருடமாக எடிட்டிங் செய்கிறேன். நடக்கவே வராத ஹீரோவை ஆடவைத்திருக்கிறேன். சிரிக்கத் தெரியாதவரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். இந்தப் பதினோரு வயதுப் பொண்ணு என்னைக் கையெடுத்துக் கும்பிட வைத்துவிட்டாள்.

ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கும் அந்தப் பூதக் கதையைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள். ஏரிக்கடியில் எழுநூறு வருடமாகத் தனியாகக் கிடக்கும் பூதத்தை ஒரு சிறுமி கண்டுபிடித்து, கெட்ட ராஜாவிடமிருந்து காப்பாற்றுகிறாள். சிறுமியாக நடிப்பவளை யூனிட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பாப்பாவுக்கு இரண்டு வியாதி. ஒன்று, தன் வசனத்தை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொல்வது. “பூதமே. நீ அழாதே. நான் இருக்கிறேன்.” எந்தப் பிளாட்பாரத்தில் என்று கேட்கத் தோன்றுகிறது. அதையாவது டப்பிங்கில் ஒப்பேற்றலாம். இரண்டாவதுதான் உயிரை வாங்குகிறது. மற்றவர்கள் பேசும்போது அவர்களுடைய வசனத்துக்கும் சேர்த்து இவள் உதட்டை அசைக்கிறாள். சத்தமே வராது. ஆனால் ஒரு எழுத்து விடமாட்டாள்.

ராஜா, “இந்த நாட்டில் நிழல்கூட என்னைக் கேட்டுத்தான் விழும்!” என்று முழங்குகிறார். பக்கத்தில் பாப்பாவின் உதடும் முழங்குகிறது.

டைரக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “ஷூட்டிங்ல ஒருத்தர் கண்ணுலயுமா படல?”

“பட்டுதுக்கா. சொன்னோம். சொன்னா நிறுத்திடுறா. நிறுத்தினா அடிச்சுவெச்ச ஆணி மாதிரி நிக்கிறா. அதுக்கு இதுவே தேவலாம்னு விட்டுட்டோம்.”

தேவலாமாம். வெட்டி ஒட்டப் போவது நான்தானே.

மார்ச் 5, வியாழன்

எனக்கு ஒரு பழக்கம். எந்த ஷாட்டையும் தூக்கி எறியமாட்டேன். உருப்படாததையெல்லாம் தனித்தனி ஃபோல்டரில் போட்டு, என்ன குற்றமோ அதையே பெயராக வைத்துவிடுவேன். இந்தப் படத்தில் இதுவரை: ‘விக் நழுவல்’, ‘ராஜாவின் கொட்டாவி’, ‘அரிக்குது சார்’. கடைசியில் உள்ளது, பாப்பாவைக் கம்பியில் கட்டிப் பறக்கவிட்ட ஷாட்டுகள். மேகத்துக்கு மேலே போய்க்கொண்டே முதுகைச் சொறிகிறாள்.

இன்று புதிதாக ஒன்று: ‘உதடு’. சாயங்காலத்துக்குள் நூற்று முப்பது ஷாட் சேர்ந்துவிட்டது. அவள் முகத்துக்குப் பதிலாக ராஜாவின் செருப்பு, கொடிக்கம்பம், ஒரு ஆடு. அந்த ஆடு அருமையாக நடித்திருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

பூதத்தின் இடது கண் ஷாட்டுக்கு நடுவில் கழன்று விழுகிறது. ரப்பர் உடை, உள்ளே ஆறடி ஆள். பாப்பா குனிந்து கண்ணை எடுத்து, ஊதித் துடைத்து, “இந்தாங்க அங்கிள்” என்று நீட்டுகிறாள். மொத்தப் படத்திலும் அவள் இயல்பாக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

மார்ச் 7, சனி

கை சும்மா இருக்கவில்லை. ‘உதடு’ ஃபோல்டரிலிருந்து நல்லதாக முப்பது பொறுக்கி, இரண்டு நிமிட வீடியோவாகக் கோத்து டைரக்டருக்கு அனுப்பினேன். ராஜாவின் கர்ஜனை, பாப்பாவின் உதடு. மந்திரியின் சதி, பாப்பாவின் உதடு. குதிரை கனைக்கிறது — சத்தியமாக — அதற்கும் உதடு. விழுந்து விழுந்து சிரித்தேன். டைரக்டரும் சிரிக்கிற பொம்மை ஏழெட்டு அனுப்பினார்.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டில் ஒரு நீதிபதி இருக்கிறார். வயது பன்னிரண்டு, நான் பெற்றது. அந்தப் பூதக் கதைப் புத்தகத்தை எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே கணக்கில்லை. அட்டை கிழிந்து, அதற்கு மேல் ஒட்டிய டேப்பும் கிழிந்துவிட்டது. லேப்டாப்பில் நான் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று தீர்ப்பு சொல்வான்.

“அம்மா, பூதத்துக்கு வாய் இருக்கு.”

“இருக்கு. கயிறு கட்டி இழுக்கிறாங்க. சரியாத் திறக்க மாட்டேங்குது.”

“புத்தகத்துல பூதத்துக்கு வாயே கிடையாது.”

“வாய் இல்லாம எப்படிடா பேசும்?”

“அதான் யாருக்கும் தெரியாதுன்னு போட்டிருக்கு. நாப்பத்தோராம் பக்கம்.”

ரப்பர் உடை தைத்தவருக்கும் தெரிந்திருக்காது, போய்ப் பல் தேய் என்றேன். குறிப்புநோட்டில் குற்றம் எண் இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டு போனான்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

இன்று ஒரு சின்ன தியேட்டரில் முப்பது நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். தயாரிப்பாளர் மேடம், ராஜாவாக நடித்தவர், மேடத்துக்குத் தெரிந்த குடும்பங்கள். கடைசி வரிசையில் பாப்பாவும் அவள் அப்பாவும். அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

அரை மணி நேரம் எப்படியோ ஓடியது. பிறகு அந்தப் பிரிவுக் காட்சி. பூதம் ஏரிக்குள் திரும்பிப் போகிறது, சிறுமி கதறி அழ வேண்டும். பாப்பா அழுவது விக்கல் மாதிரி இருக்கும். ஹிக். ஹிக். பூதமே. ஹிக். முன்வரிசையில் யாரோ “தண்ணி குடுங்கப்பா” என்றார். தியேட்டரே சிரித்தது.

திரும்பிப் பார்த்தேன். பாப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஏதோ சிரிப்புக் காட்சி போல என்று. பிறகு மெதுவாகச் சிரிப்பு நின்றது. அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வெட்ட முடியாமல் விட்டிருந்த இடங்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் ராஜா பிடித்துக்கொண்டார். “என் வசனத்தையெல்லாம் அந்தப் பொண்ணு மென்னு துப்புது! ஐம்பது வருஷம் மேடையில நின்னவன் நான். ஒரு வார்த்தை மறந்ததில்ல. என் பக்கத்துல இப்படி ஒரு பிள்ளையா?”

மேடம் என்னிடம் வந்தார். “பாப்பா வர்ற சீனெல்லாம் திரும்ப எடுத்துடலாம். டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்றாளே, அந்தப் பொண்ணு கிடைப்பா. உண்மையைச் சொல்லணும்னா, நீங்க அனுப்பின வீடியோவை டைரக்டர் போன்ல பாத்தப்பதான் எனக்கே உறைச்சுது.”

நான் அனுப்பின வீடியோ. நானேதான். இரண்டு நிமிடச் சிரிப்புக்கு ஒரு குழந்தையின் வேலையைக் காலி பண்ணிவிட்டேன்.

பத்து நாள் டைம் கேட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேடம் தலையாட்டினார்.

மார்ச் 12, வியாழன்

குரலையாவது தேற்றலாம் என்று பாப்பாவை டப்பிங்குக்கு வரச் சொன்னேன். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு மணி நேரம் ரயில்கள் வந்தன, போயின. ஒன்றும் தேறவில்லை.

கடைசியில் கேட்டே விட்டேன். “மத்தவங்க பேசும்போது ஏன்டா கண்ணு உதட்டை அசைக்கிற?”

தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாடகமாம். சிநேகிதி மரமாக நின்றாளாம். மரத்துக்கு ஒரே ஒரு வசனம். அதை மறந்துவிட்டாள். எல்லோரும் சிரிக்க, இலையெல்லாம் உதிர உதிர ஓடிப்போனாள். அதற்குப் பிறகு மேடைப் பக்கமே வருவதில்லை.

“அன்னிக்கு எனக்கு அவ வசனம் தெரியாது ஆன்ட்டி. அதான் இப்ப எல்லாரோடதும் படிச்சு வெச்சுப்பேன். யாராவது மறந்தா என் உதட்டைப் பாத்துச் சொல்லிக்கலாம்ல?” பிறகு கொஞ்சம் வருத்தமாக, “ராஜா அங்கிள் மறக்கவே மாட்டேங்கறார்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுகிற மாதிரி நடித்தேன், அவளைவிட மோசமாக.

கிளம்பும் நேரம் மைக்கில் ஏதோ கோளாறு. சவுண்டு இன்ஜினியர், “பாப்பா, என்னமாவது பேசும்மா, செக் பண்ணிக்கறேன்” என்றார். தன் வசனம் எல்லாம் தீர்ந்துபோனதால் பூதத்தின் வசனத்தை எடுத்துவிட்டாள். குரலைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல்: “எழுநூறு வருஷமா யாரும் என்னை, சாப்பிட்டியான்னு கேட்டதில்ல.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அறைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

மார்ச் 13, வெள்ளி

சிறுமியாக ஆணி. பூதமாக அசுரத்தனம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ரப்பர் வாயிலிருந்து குழந்தைக் குரல் வந்தால் தண்ணி கேட்ட ஆசாமி இந்தத் தடவை டாக்டரையே கூப்பிடுவார். ரப்பர் வாய் — வாய் —

அட மண்டு! நாற்பத்தோராம் பக்கம்!

பின் குறிப்பு. நீதிபதியின் அறைக்குள் புயலாக நுழைந்து புத்தகத்தைப் பிடுங்கினேன். “பூதத்துக்கு வாய் கிடையாது. அதன் குரல் எங்கிருந்து வருகிறது என்பது கேட்பவருக்கே தெரியாது.” இருக்கிறது. அச்சடித்தே இருக்கிறது. மகனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். வழக்கு என்னவென்றே தெரியாமல் துடைத்துக்கொண்டான்.

மார்ச் 14, சனி

‘உதடு’ ஃபோல்டரைத் திறந்தேன். இப்போது மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஷாட். அதில் தொண்ணூற்று நாலு, பூதம் பேசும்போது அவள் உதட்டை அசைப்பது. பூதம் பேசவே வேண்டாம். அவள் வழியாகப் பேசட்டும்.

மைக் செக்கில் பதிவான அந்த ஒரு வரியை அவள் உதட்டில் வைத்தேன். அரை நொடி பின்தங்கி வந்தது. இழுத்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தது. அப்போதுதான் அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தன் வசனம் சொல்லும்போது சுவராக இருக்கும் முகம், அடுத்தவர் வசனத்துக்கு உதடு அசைக்கும்போது உயிரோடு இருக்கிறது. கவலை, பாசம், ‘மறந்துடாதீங்க’ என்கிற தவிப்பு எல்லாம் ஓடுகிறது. ஒரு வாரமாக இதைத்தான் வெட்டி வெட்டி ஆட்டைப் போட்டுக்கொண்டிருந்தேனா? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், ராஜாவின் செருப்பால்.

மார்ச் 16, திங்கள்

காலையில் பாப்பாவை வரவழைத்து, பூதத்தின் வசனம் முழுவதையும் பேசவைத்துப் பதிவு செய்தோம். பிறகு கிராபிக்ஸ்காரரிடம் பூதத்தின் வாயை அழிக்க முடியுமா என்று கேட்டேன். “வாயை அசைக்கிறதுதான்மா கஷ்டம். மூடறது மூணு நாள் வேலை.” வாயை மூடவைப்பது சுலபம் என்று சொல்லும் மனிதரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

டைரக்டர் ஓடிவந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “இப்படித்தான்க்கா எடுக்கணும்னு முதல்லயே நினைச்சேன்” என்றார். சரி, இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

மேடத்துக்குப் போட்டுக் காட்டினேன். பிரிவுக் காட்சியில் இப்போது விக்கல் இல்லை. பூதம் கரையில் நிற்கிறது. சிறுமி அதைப் பார்க்கிறாள். அவள் உதட்டிலிருந்து பூதம் விடைபெறுகிறது. அவ்வளவுதான். யாரும் தண்ணி கேட்கவில்லை.

மேடம், “திரும்பப் போடுங்க” என்றார். போட்டேன். முடிந்ததும் கைப்பையைத் தேடு தேடென்று தேடினார், கைக்குட்டைக்காக. “டூத்பேஸ்ட் பொண்ணுக்கு வேற படம் பாத்துக்கலாம்.”

ராஜா மட்டும் விடவில்லை. “பூதம் சரி. என் வசனத்துக்கும் அசைக்குதே, அதுக்கென்ன வழி?”

“அந்த இடத்துலயெல்லாம் உங்க முகத்தை மட்டும்தான் சார் போடப்போறேன். முழுத் திரைக்கு.”

“அப்ப சரி. பாவம், குழந்தைதானே” என்றார்.

அந்த இரண்டு நிமிட வீடியோவை அழித்துவிட்டேன். வாழ்க்கையில் நான் தூக்கி எறிந்த ஒரே காட்சி அதுதான்.

ஜூன் 12, வெள்ளி

படம் வந்துவிட்டது. நீதிபதியின் தீர்ப்பு: முப்பத்தேழு குற்றம். பூதம் மட்டும் விடுதலை.

ஆகஸ்ட் 17, திங்கள்

புத்தகத்தின் மீதிக் கதையை இரண்டாம் பாகமாக எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே பாப்பா. முதல் மூன்று நாள் ஷாட்டுகள் என்னிடம் வந்தன. பார்த்ததும் பகீரென்றது.

உதடு அசையவே இல்லை. பசை போட்டு ஒட்டியமாதிரி மூடியிருக்கிறது. டைரக்டரைக் கேட்டால், “எல்லாரும் அவ உதட்டைப் பத்தியே பேசினாங்களாக்கா, வெக்கப்பட்டு நிறுத்திட்டா. ‘அசைம்மா’ன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். கெஞ்சினா ஆணியாயிடுறா.” ஆறு மாதத்துக்கு முன் இதற்காகத் தவமிருந்தவள் நான். இப்போது தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

இன்று வந்த ஷாட்டுகளில் ராஜா அரியணையைத் துறக்கும் காட்சி. ஒரே நீளமான ஷாட், கூட்டமாக இருநூறு பேர். ராஜா நடுவில், பாப்பா வலது ஓரத்தில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

“இந்த அரியணையை நான் யாருக்கும் பயந்து...” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

ஏதோ பாவனை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கண் அலைகிறது. ஐம்பது வருஷம் ஒரு வார்த்தை மறக்காதவர் மறந்துவிட்டார். விரல் அங்கியின் நுனியைத் திருகுகிறது. கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்குவது கேட்கிறது.

வலது ஓரத்தில் பாப்பாவின் உதடு திறந்தது. சத்தமில்லாமல், எழுத்து எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தில்.

ராஜா அவளைப் பார்த்தார். அந்த உதட்டைப் படித்தார். “...பயந்து கொடுக்கவில்லை. களைத்துப்போய் இறக்கி வைக்கிறேன்” என்றார். இத்தனை நாளில் அவர் குரல் தணிந்து கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு கிரீடத்தைக் கழற்றி, அருகில் நின்ற மந்திரியைத் தாண்டிப் போய், பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தார். வசனத்தாளில் கிரீடம் மந்திரிக்குத்தான் போக வேண்டும். பாப்பா அதைக் குனிந்து ஊதித் துடைத்தாள். யாரும் கட் சொல்லவில்லை.

பழக்கதோஷத்தில் கை ‘உதடு’ ஃபோல்டருக்குத்தான் போனது. நிறுத்தினேன். ஒரு ஃபிரேம்கூட வெட்டாமல், ராஜா திணறியது உட்பட, அப்படியே படத்தில் வைத்துவிட்டேன்.

புத்தகத்தில் இப்படி இல்லை என்று நீதிபதி எழுதிக்கொள்வான். எழுதிக்கொள்ளட்டும்.