ஒழுகாத மூக்கு

மார்ச் 4, செவ்வாய்

இருமல் மருந்து மேசையெல்லாம் கொட்டிவிட்டது.

இரண்டு லிட்டர் பாட்டிலைச் சாய்த்து நூறு மில்லி பாட்டில்களில் நிரப்புவது, இந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்தெட்டு வருடமாக நான் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இன்று தூக்கியபோது ஐந்தாறு விநாடி ஒன்றுமில்லை. பிறகு வலது கை தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. மேசையில், என் வெள்ளைக் கோட்டில், தரையில், எங்கும் பிசுபிசுவென்று சிவப்பு.

சின்னவள் துணியோடு ஓடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் எல்லோருக்கும் அவள் சின்னவள். "என்னக்கா, பாட்டில் வழுக்கிடுச்சா?"

"ஆமா, வழுக்கிடுச்சு."

பாட்டில் வழுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். கூட வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன இது, எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டிருக்க?"

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஜனவரியில் என் எழுத்து கோட்டைத் தொட்டு நிற்கிறது. இப்போது பாதி உயரம்தான். வரியின் கடைசிக்குப் போகப் போக இன்னும் பொடியாகிறது.

அப்பாவுக்கு முதலில் எழுத்துதான் சிறுத்தது. அப்புறம் கை. அப்புறம்...

வேண்டாம். எழுத வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

நாளைக்கு நாற்பது பாட்டில் நிரப்ப வேண்டும். காலையிலிருந்து அதே நினைப்பு.

குளித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. பெரிய பாட்டில் ஆடுகிறது, சின்ன பாட்டில் ஆடாமல் நிற்கிறது. அதனால்தானே சிந்துகிறது? இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிட்டால்? பெரியதன் கழுத்தில் மரை போட்டுத் திருகுகிற மாதிரி ஒரு மூக்கு. அதன் நுனி சின்னதன் வாய்க்குள் போய் உட்கார வேண்டும். அழுத்தினால் திறக்கணும், எடுத்தால் மூடணும். கை ஆடினால் இரண்டும் சேர்ந்து ஆடட்டுமே, யாருக்கு என்ன!

ஈரத் தலையோடு உட்கார்ந்து வரைந்தேன். ஐந்து தாள் வீணாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

வேலை முடிந்து லேத் பட்டறைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலி, கட்டில் கால் எல்லாம் சரிசெய்து தருகிறவர்தான் அங்கே இருக்கிறார். என் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், இது வட்டமா, உருளைக்கிழங்கா?"

"வட்டம்தான் அண்ணே. பஸ்ல வரைஞ்சேன்."

பஸ்ஸில் வரையவில்லை. பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

"எதுக்கு இது? புனல் வெச்சு ஊத்துனா போதாதா?"

"புனல் வழியும். தினம் துடைச்சே பொழுது போயிடுது."

அவர் நான் கொண்டுபோன பாட்டிலின் கழுத்தை அளவெடுத்தார். நான் பையின் வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

சும்மா வைத்திருக்கும்போதுதான் அதிகம் ஆடுகிறது. டிவி பார்க்கும்போது தலையணையை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 22, சனி

முதல் மூக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகு. உள்ளே கீறல் போட்ட வட்ட ரப்பர், அழுத்தி எடுத்ததும் அதை மூட ஒரு சின்ன ஸ்பிரிங். பட்டறையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மரை வழியாகக் கசிந்து என் முழங்கை வரை வழிந்தது.

லேத்காரர் சொன்னார்: "மூக்கு ஒழுகுது மேடம். சளி பிடிச்சிருக்கு."

எத்தனை நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்! ஒரு வாஷர் போட்டதும் கசிவு நின்றது. ஆனால் அடுத்த தொல்லை: ஒரு மடக்கு இறங்குகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது.

"காத்து உள்ள போனாத்தான தண்ணி வெளிய வரும்?" என்றார் அவர், தனக்குத்தானே கேட்பது மாதிரி. ஓரமாக ஊசி கனத்துக்கு ஒரு குழாய் வைத்துத் தருகிறாராம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலாவதியான இருமல் மருந்தை வைத்துப் பார்த்தேன். இறங்குகிறது. எடுத்தால் டக்கென்று நிற்கிறது. ஆனால் பத்துத் தடவை கொதிநீரில் போட்டெடுத்ததும் ரப்பர் கீறல் வாயைப் பிளந்துகொண்டது. தூக்கி எறிகிற சாமானாக இருந்தால் பரவாயில்லை. எனக்கு இது தினம் வேண்டும், ஆயுசுக்கும் வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் மருந்து செலுத்துகிற சிலிக்கான் குழாய் இருக்கிறது. அதன் தடித்த பகுதியை வெட்டி லேத்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆயுசுக்கும் என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு ஏமாற்றலாம் என்று நினைக்கிறேன்?

ஏப்ரல் 5, சனி

அறுபது தடவை கொதிக்க வைத்தாயிற்று. தலைகீழாகத் தொங்கவிட்டேன், ஆட்டினேன், உதறினேன். ஒரு சொட்டு இல்லை.

சமையலறையில் தனியாக நின்று அழுதேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மாட்டிக்கொண்டேன். நான் பயந்த விதத்தில் அல்ல.

எங்கள் தலைமை மருந்தாளுநர் மூக்கைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு தேடுகிறவர், அதனால் நாங்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்போம். தண்ணீர் வைத்து நாலு முறை தானே செய்து பார்த்தார். என்ன உலோகம், என்ன ரப்பர், எப்படிக் கழுவுவது, எல்லாம் கேட்டார். சோதனைக்கூடத்தில் கொடுத்துச் சரி என்று வந்தால் இன்னும் ஐந்து செய்யச் சொல்கிறாராம்.

"அடுத்த மாசம் மத்த ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. நீங்களே எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டணும். சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

கையை யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் இதைச் செய்தேன். இப்போது எல்லோரும் என் கையையே பார்க்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நாலு நாளாக லேபிள் அச்சடிக்கிற இயந்திரம் பழுது. கையால் எழுதி ஒட்டுகிறோம். மதியம் ஒரு தாய் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"மேடம், காலைல பாப்பாவுக்கு வலிப்பு மருந்து வாங்கினேன். ஒரு வேளைக்கு இருபத்தஞ்சு மில்லின்னு போட்டிருக்கு. பாட்டிலே அம்பது மில்லிதான? ரெண்டு வேளையில தீந்துடுமே, அதான் கேக்கலாம்னு..."

இருபத்தைந்து இல்லை, இரண்டரை. இரண்டு, புள்ளி, ஐந்து. என் எழுத்து. அந்தப் புள்ளி எங்கே போச்சு?

"குடுத்துட்டீங்களா? சொல்லுங்கம்மா, குடுத்தாச்சா?"

"இல்ல மேடம். டம்ளர்ல ஊத்திட்டேன், அப்புறம் சந்தேகம் வந்துச்சு. குடுக்கல."

குடுக்கல. குடுக்கல. குடுக்கல.

ரெண்டரை மில்லிதான் என்று மூன்று தடவை சொன்னேன், அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தேன், ஊற்றியதைக் கீழே கொட்டச் சொன்னேன். ஒரு வயசுக் குழந்தை. பத்து மடங்கு. போனை வைத்தேன். நாலு நாளில் கையால் எழுதியவற்றில் என்னுடையது எத்தனை? பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். இதைத் தவிர பதினேழு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். சின்னவள் ஒன்றும் கேட்காமல் நம்பர்களைத் தேடித் தேடித் தந்தாள். பதினாறு பேர் எடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒருவர் எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

விடிந்ததும் அந்த முகவரிக்குப் போனேன். "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரரும் கூட வந்தார். மாடிப் படியில் அவர் என் முழங்கையைப் பிடித்து ஏற்றினார். ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். போனில் சார்ஜ் இல்லையாம். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மில்லி. தெளிவாக இருந்தது.

"இதுக்காகவா காலங்காத்தால வந்தீங்க?" என்று அந்தப் பெரியவர் உட்காரச் சொன்னார். உட்கார நேரமில்லை என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது தெருமுனையில் வீட்டுக்காரர் நின்றார். "என்னதான் ஆச்சு? நானும் ஒரு மாசமா பாக்குறேன். தலகாணியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் டிவி பாக்குற. சட்டைப் பட்டன் போட அரை மணி நேரம் ஆகுது. கேட்டா எரிஞ்சு விழுவியோன்னு பயந்துக்கிட்டு நானும் சும்மா இருந்தேன்."

அவருக்கும் பயம். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

"எங்கப்பாவுக்கு வந்ததுதான்" என்றேன். "கடைசியில அவர் வாயத் தொடைக்கக்கூட இன்னொருத்தர் வேணும். தெரியும்ல உங்களுக்கு? பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நடுத்தெருவில் என் வலது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அது அவர் கைக்குள்ளேயும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கண்ணாடிக்காரர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். முதலில் லேபிளைச் சொன்னேன். பிறகு கையை மேசைமேல் வைத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"தை பிறந்ததிலேருந்து இருக்கும் சார். எனக்குத் தெரிஞ்சு."

"ஏன் சொல்லல?"

"அனுப்பிடுவீங்கன்னு."

அவர் மறுக்கவில்லை. லேபிள் விஷயத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார், மேலே அனுப்பியாக வேண்டுமாம். டாக்டரைப் பார்க்கிற வரை மருந்து நிரப்ப வேண்டாம், எழுதவும் வேண்டாம் என்றார். கோபமாகத்தான் சொன்னார். வாசல் வரை போனபின் கூப்பிட்டார்.

"பதினேழு வீட்டுக்கும் போன் பண்ணீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அதையும் சேர்த்து எழுதுங்க."

ஏப்ரல் 24, வியாழன்

நரம்பு டாக்டர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், சுருள் வரையச் சொன்னார். சுருள் உள்ளே போய் முடிச்சு விழுந்துவிட்டது.

அதேதான். அப்பாவுக்கு வந்த நடுக்குவாதம்.

"உங்க அப்பா காலத்துல இருந்த வைத்தியம் வேற, இப்ப இருக்கறது வேற" என்றார். தலையாட்டினேன். வழியெல்லாம் வீட்டுக்காரர்தான் பேசினார். ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பயமாருக்கு.

மே 6, செவ்வாய்

மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து இருபது பேர் வந்தார்கள். எனக்குப் பதிலாகச் செய்து காட்டச் சின்னவளை நிறுத்தச் சொல்லியிருந்தேன். நான் கடைசி வரிசையில் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழகாகச் செய்தாள். திருகினாள், அழுத்தினாள், எடுத்தாள். மேசை காய்ந்தே இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். "புனல்லயே சரியா ஊத்தறவங்களுக்கு இது எதுக்கு? யாருக்காகச் செஞ்சீங்க?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். எல்லோரும் திரும்பினார்கள். ஓடிவிடலாம் என்று இருந்தது. வாசல் எனக்குப் பின்னால்தான் இருந்தது.

எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. "எனக்காகச் செஞ்சேன்" என்றேன். "என் கை நடுங்கும். பாருங்க." கையை வெளியே எடுத்தேன். சின்னவளிடமிருந்து பெரிய பாட்டிலை வாங்கிச் சின்னதன்மேல் கவிழ்த்தேன். ஐந்து விநாடியில் இரண்டும் சேர்ந்து ஆடத் தொடங்கின, கண்ணாடி கிணுகிணுவென்று சத்தம் போட்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை. சின்ன பாட்டில் நிரம்பியது. எடுத்தேன். நின்றது.

"இது சிந்தாம பாத்துக்கும். ஆனா கை நடுங்குறவங்க அளவு பாக்கக்கூடாது, லேபிள் எழுதக்கூடாது. நான் எழுதி ஒரு தப்பு நடக்க இருந்துச்சு. அதை இது நிறுத்தாது. அதையும் சொல்லிடுறேன்."

வானம் இடிந்து விழப் போகிறது என்று நின்றேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "எத்தனை தடவை கொதிக்க வெச்சா அந்த ரப்பரை மாத்தணும்?"

அவ்வளவுதான். அடுத்து ஒருவர் மரை அளவு கேட்டார். இன்னொருவர் எண்ணெய் மருந்துக்கு ஆகுமா என்றார். ஆகாது, சிலிக்கான் ஊறிவிடும் என்று சொன்னேன். அரை மணி நேரம் நின்றே பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். பயத்தில் உடம்பு முழுக்க வலி.

ஜூன் 12, வியாழன்

புது வேலைக்குப் பழகிவிட்டேன். மற்றவர்கள் நிரப்பிய பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, லேபிளையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நான் சரி என்றால்தான் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போகும். லேபிள் விஷயத்துக்காக எனக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் இருக்கிறது. இருக்கட்டும்.

மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. காலையில் பட்டன் போட முடிகிறது, மாலையில் முடிவதில்லை. விழித்ததும் முதலில் கையைத்தான் பார்க்கிறேன். அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

மதியம் டீ வந்தது. சின்னவள் தனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் பேசினால் "ம்" என்பதைத் தவிர ஒன்றும் வராதாம். நான் டம்ளரை வலது கையால் எடுத்தேன். பாதி வழியில் ஆடி, மேசையில் கொஞ்சம் கொட்டியது. சின்னவள் பேச்சை நிறுத்தாமலே துணியை எடுத்துத் துடைத்தாள்.

"இதைக் கேளுங்கக்கா, நேத்து மட்டும் பன்னெண்டு 'ம்'..."

மிச்சத்தைக் குடித்துக்கொண்டே கேட்டேன்.