ஈரத்துணியோடு உள்ளே விட மாட்டார்கள்

பாப்பா,

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சோறு குக்கரில் இருக்கிறது. ராத்திரிதான் சாப்பிடாமல் படுத்துவிட்டாய், இப்போதாவது சாப்பிடு. நேற்று வார்டு வாசலில் நர்ஸ் முன்னால் உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாது. சொட்டச் சொட்ட நின்ற உன்னை உள்ளே விட மாட்டேன் என்று அவர் சொன்னார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அம்மா உடம்பு இப்போது சளி பிடித்தால்கூடத் தாங்காது. அதனால் இன்று வேலை முடிந்து வரும்போது என் ரெயின்கோட்டைப் போட்டுக்கொள். சைக்கிளை மெதுவாக மிதி. அவசரப்பட்டால் கோட்டுக்குள்ளேயே வியர்த்து நனைந்துபோவாய். மாற்றுத்துணியும் துண்டும் பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிந்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கீழே மருந்து வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பாத்ரூம் இருக்கிறது. அங்கே மாற்றிக்கொண்டு, தலையை நன்றாகத் துவட்டிவிட்டு மேலே வா. பின்சக்கர மட்கார்டையும் சரிசெய்துவிட்டேன், முதுகில் சேறு அடிக்காது.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

அப்பா

பி.கு.: நீ வாசல்வரை வந்து திரும்பியதை அம்மாவிடம் சொல்லவில்லை. மழையினால் நீ வரவில்லை என்றேன். "நல்லதாப் போச்சு, புள்ள நனையாம வீட்லயே இருந்தாளே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரி நான் அங்கிருந்து கிளம்பும்வரை அவள் தூங்கவில்லை.